விடை சரி, வழி தவறு

ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத ஐந்து வயதுக் குழந்தையை, எல்லாப் பாடங்களையும் ஸ்பானிய மொழியிலேயே கற்பிக்கும் பள்ளியில் சேர்க்கலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் பலர் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. அங்கே இத்தகைய பள்ளிகள் 'மூழ்கு முறை'ப் பள்ளிகள் எனப்படுகின்றன. கணக்கும் ஸ்பானிய மொழியில். மழையையும் வெயிலையும் பற்றிய பாடமும் ஸ்பானிய மொழியில். வரிசையில் நில், கையைக் கழுவு என்னும் கட்டளைகளும் அதே மொழியில். குழந்தையை மொழிக்குள்ளேயே மூழ்க வைத்து மொழியைக் கற்பிப்பது என்பது கருத்து.

கேட்கும் பெற்றோருக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. "தாராளமாகச் சேர்க்கலாம். குழந்தையின் மூளை கடற்பஞ்சு போன்றது. எல்லாவற்றையும் தானாக உறிஞ்சிக்கொள்ளும்."

விடை சரி. அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு மொழிக் கல்வியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விடைத்தாள் திருத்துவோர் அனைவருக்கும் பழக்கமான நிலை இது. குறியை ஓரிடத்தில் மாற்றிப் போட்ட மாணவன் இன்னோரிடத்திலும் மாற்றிப் போட்டால் விடை சரியாக வந்துவிடும்! ஆனாலும் நாம் முழு மதிப்பெண் தருவதில்லை. அதே வழியில் அடுத்த கணக்கைப் போட்டால் அவன் தவறுவான் என்பது நமக்குத் தெரியும். இந்த ஸ்பானியக் கணக்குக்கும் அடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. அது நம் ஊர் வரை வருவது. ஆகவே வழியைச் சற்று உற்றுப் பார்ப்போம்.

கனடாவில் மான்ட்ரியால் நகருக்கு எதிர்க்கரையில் செயின்ட் லாம்பர்ட் என்னும் புறநகர் உள்ளது. அது அமைந்துள்ள கியூபெக் மாநிலத்தில் பெரும்பான்மையோரின் மொழி பிரெஞ்சு. அங்கு வாழ்ந்த ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சுப் பாடம் படித்தும் தம் பிள்ளைகளுக்குப் பேச வரவில்லையே என்று கவலைப்பட்டனர். பள்ளி நிருவாகத்தை விடாமல் வற்புறுத்தி, 1965இல் 26 குழந்தைகளைக் கொண்ட மழலையர் வகுப்பு ஒன்றைத் தொடங்க வைத்தனர். அதில் ஆசிரியை பேசுவது பிரெஞ்சு மட்டுமே. மெக்கில் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் வாலஸ் லாம்பர்ட், ரிச்சர்ட் டக்கருடன் சேர்ந்து இக்குழந்தைகளை ஆண்டுதோறும் சோதித்து, முடிவுகளை 1972இல் நூலாக வெளியிட்டார். (ஊரின் பெயரும் அறிஞரின் பெயரும் ஒன்றாயிருப்பது தற்செயலே.)

இச்செய்தி தெற்கே பரவியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய கல்வர் சிட்டியில் 1971இல் அமெரிக்காவின் முதல் ஸ்பானிய மூழ்கு முறை வகுப்பு தொடங்கியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் காம்பெல் அதற்குத் துணை நின்றார். ஆண்ட்ரூ கோஹன் அக்குழந்தைகளின் வளர்ச்சியைப் பதிவு செய்தார். ஸ்பானிய மொழி அறியாதிருப்பது அங்கே ஒரு குறையாகக் கருதப்படவில்லை. ஸ்பானிய மொழி அறியாத குழந்தைகளுக்கென்றே அமைந்த வகுப்பு அது.

இனிக் கடற்பஞ்சுக்கு வருவோம். இந்தக் கருத்துக்கு மதிப்புள்ள ஒரு மூலம் உண்டு. மான்ட்ரியாலின் புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, லாமர் ராபர்ட்ஸுடன் 1959இல் எழுதிய நூலில், மொழி கற்பதற்கு மூளை மிக ஏற்றதாக இருப்பது வாழ்வின் முதல் பத்தாண்டுகளில்தான் என்று கூறினார். அது மெல்ல மெல்லச் சுருங்கி, 'குழந்தை விரைவாகக் கற்கும்' என்னும் ஒரே வரியாக மக்களிடம் வந்து சேர்ந்தது.

அது உண்மையா என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஹாலந்து நாட்டில் குடியேறிய ஆங்கிலம் பேசும் மக்கள் டச்சு மொழியைக் கற்பதை, காதரின் ஸ்நோ, மரியன் ஹுஃப்நாகல்-ஹோலெ என்னும் இருவர் ஆராய்ந்து 1978இல் வெளியிட்டனர். மூன்று வயதுக் குழந்தை முதல் பெரியவர்கள் வரை அதில் இருந்தனர். முதல் ஓராண்டில் முன்னணியில் நின்றவர்கள் 12 முதல் 15 வயதினர். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பெரும்பாலான சோதனைகளில் கடைசியில் நின்றனர்.

அப்படியானால் சிறு வயதில் தொடங்குவதால் பயனில்லையா? உண்டு. இங்கே வேகத்தையும் கடந்த தூரத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெல்ல நடப்பவனும் விடியற்காலையில் புறப்பட்டால், நண்பகலில் சைக்கிளில் கிளம்புபவனைவிட மாலையில் முன்னே இருக்கலாம். ஏறக்குறைய 6 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு ஆங்கில இலக்கணச் சோதனை வைத்து, ஹார்ட்ஸ்ஹார்ன், டெனன்பாம், பிங்கர் ஆகியோர் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இலக்கணம் கற்கும் திறன் 17 வயதளவும் குறையாமல் இருக்கிறது என்றும், ஆனால் தாய்மொழியாளரின் நிலையை எட்டுவதற்குப் பத்து வயதளவிலாவது தொடங்கியிருக்க வேண்டும் என்றும் அவர்கள் கணித்தனர். அவ்வளவு நீண்ட காலம் தேவைப்படுகிறது. ஐந்து வயதுக் குழந்தையின் கையிருப்பு அந்தக் காலமே. சேர்த்த மூன்றாம் மாதத்தில், "இன்னும் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லையே" என்று கவலைப்படும் பெற்றோரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். கடற்பஞ்சுக் கதை அவர்களுக்கு ஏமாற்றத்தையே தருகிறது. புதிய மொழிக்குள் நுழைந்த குழந்தை பல வாரங்களோ மாதங்களோ கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது இயல்பு.

சரி, மூளை மந்திரம் செய்யவில்லை என்றால் வகுப்பு எப்படி நடக்கிறது? கிணற்றில் நீச்சல் பழகியவர்களைக் கேளுங்கள். இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இறக்கியிருப்பார்கள். கல்வர் சிட்டி வகுப்பிலும் சுரைக்குடுக்கைகள் இருந்தன. அங்கே எல்லாக் குழந்தைகளும் தொடக்க நிலையினர். ஒருவன் மட்டும் விழிப்பதும் மற்றவர் சிரிப்பதும் இல்லை. ஆசிரியை அதற்கேற்பப் பேசினார். 'குடை' என்று சொல்லும்போது குடையைக் காட்டுவது, 'உட்கார்' என்னும்போது தானும் உட்காருவது, ஒரே சொல்லை ஒரே வேளையில் நாள்தோறும் திரும்பச் சொல்வது என்று பாடம் நடக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று பலர் கண்ணுக்குப் படுவதில்லை. மூழ்கு முறை ஆசிரியைக்குக் குழந்தையின் மொழி தெரியும். தாகமெடுத்த குழந்தை ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்கலாம். ஆசிரியை அதைப் புரிந்துகொண்டு, "ஆக்வா வேண்டுமா?" என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் திருப்பிக் கேட்டபடி தண்ணீர் கொடுப்பார். குழந்தைக்குத் தாகமும் தீரும், சொல்லும் கிடைக்கும். தன் மொழியில் பேசியதற்காகத் தண்டனை கிடையாது. வகுப்பை விட்டு வெளியே வந்தால் தெருவிலும் கடையிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம். எத்தனை மணி நேரம் ஸ்பானிய மொழியில் மூழ்கினாலும் அக்குழந்தையின் ஆங்கிலம் கரைந்துபோகாது.

ஸ்பானிய மொழியும் ஓரளவு ஒத்துழைக்கிறது. அதற்கு ஐந்தே உயிரொலிகள், ஐந்து உயிரெழுத்துகள். 'கார்', 'கேக்', 'ஆல்' என்று சொல்லுக்குச் சொல் ஒலி மாறும் ஆங்கில 'ஏ' போன்ற தொல்லை அங்கில்லை. எழுத்துக் கூட்டினால் சொல் வந்துவிடும். தமிழ்க் குழந்தை படிக்கப் பழகுவது போல. எழுத்தும் ஒலியும் ஒன்றோடொன்று இணைந்தவை என்னும் கருத்தை ஒருமுறை பிடித்துக்கொண்ட குழந்தை, அதைப் பின்னர் ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்கிறது. சொற்களிலும் உறவு உண்டு. ஆங்கில 'அனிமல்' அங்கே 'அனிமால்'. 'ஹாஸ்பிட்டல்' அங்கே 'ஒஸ்பித்தால்'. இவை இரண்டும் எழுத்தில் ஒன்றே. 'ஆட்டம்' என்னும் அணு 'ஆத்தோமோ'. 'எனர்ஜி' என்னும் ஆற்றல் 'எனெர்ஹியா'. மழலை வகுப்பில் இந்த உறவு அவ்வளவாகப் பயன்படாது. பாடநூல் கனக்கத் தொடங்கும்போது கை கொடுக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சிக் கழகம் ஆங்கிலம் பேசும் அலுவலர்களுக்கு வகுத்துள்ள கால அளவில் ஸ்பானிய மொழிக்கு ஏறக்குறைய 30 வாரங்கள். தமிழுக்கு 44 வாரங்கள். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிய மொழிக்கு உள்ள தூரமும், ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையிலுள்ள தூரமும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

அடுத்து, இப்பள்ளிகளின் பயன்களாகக் காட்டப்படும் எண்கள். மூழ்கு முறைப் பிள்ளைகள் தேர்வுகளில் நன்றாகச் செய்கிறார்கள் என்றால், உடனே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அங்கே சேர்பவர்கள் யார்? அக்கறையும் வசதியும் உள்ள பெற்றோர் தேடிப் பிடித்துச் சேர்க்கும் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் நன்றாகத்தான் படிக்கக்கூடும். செயின்ட் லாம்பர்ட் ஆய்விலும் இந்த ஐயத்துக்கு இடமுண்டு. ஆய்வாளர்கள் குடும்ப நிலையில் ஒத்த வேறு வகுப்புகளோடு ஒப்பிட்டார்கள் என்றாலும், பெற்றோரின் ஆர்வத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டு நகரம் இதற்கு நல்ல வழி காட்டியது. அங்கே மூழ்கு முறை இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுதியாதலால் குலுக்கல் முறையில் சேர்த்தனர். குலுக்கலில் வென்றோர், தோற்றோர் இரு சாராரின் பெற்றோரும் ஒரே ஆர்வமுடையவர்கள். பிரித்தது அதிருஷ்டம் ஒன்றே. இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனைச் சாலை! 2015இல் வெளிவந்த முடிவு இது: ஆங்கிலம் படித்தறியும் திறனில் மூழ்கு முறைப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் ஏறக்குறைய ஏழு மாதப் படிப்பளவும், எட்டாம் வகுப்பில் ஒன்பது மாதப் படிப்பளவும் முன்னே இருந்தனர். கணக்கிலும் அறிவியலிலும் இழப்பு காணப்படவில்லை, ஏற்றமும் காணப்படவில்லை. நான் அறிந்த வரையில் இத்துறையில் நம்பத்தக்க எண்கள் இவையே. இருந்தாலும் அங்கே ஸ்பானிய மொழியோடு ஜப்பானியம், சீனம், ரஷ்ய மொழி வகுப்புகளும் சேர்ந்திருந்தன என்பதை மறந்து, 'ஸ்பானிய மொழி படித்தால் ஒன்பது மாத லாபம்' என்று விளம்பரம் செய்வது முறையன்று.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். செயின்ட் லாம்பர்ட் குழந்தைகள் முதல் வகுப்பின் முடிவில் ஆங்கிலம் படிப்பதில் பின்தங்கித்தான் இருந்தனர். அதுவரை அவர்களுக்கு ஆங்கிலம் படிக்கக் கற்பிக்கவே இல்லை. இரண்டாம் வகுப்பில் ஆங்கிலம் தொடங்கியதும் அந்த ஆண்டிலேயே எட்டிப் பிடித்தனர். முதல் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்து பிள்ளையை நிறுத்தும் பெற்றோர், ஊசல் ஒரு பக்கம் போயிருக்கும்போதே கடிகாரத்தை நிறுத்துகிறார்கள். இன்னொரு விளம்பரமும் உண்டு. இரு மொழி தெரிந்தால் மூளையின் கவனக் கட்டுப்பாடு கூர்மையாகுமாம். ஒன்பது, பத்து வயதுள்ள 4,524 அமெரிக்கக் குழந்தைகளைச் சோதித்து 2019இல் வெளிவந்த ஆய்வில் அப்படி எதுவும் தென்படவில்லை. ஒரு மொழி கூடுதலாகத் தெரிவது போதாதா? அதற்கு மேல் கிரீடம் எதற்கு?

ஆனால் எந்த அளவுக்குத் தெரியும் என்பதில்தான் பள்ளிகள் மிகைப்படுத்துகின்றன. தாளில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கப் பள்ளி ஆண்டு பெரும்பாலும் 180 நாட்கள். நாளுக்கு 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பாதி நேரம் ஸ்பானிய மொழி என்றால் ஆண்டுக்கு 540 மணி. மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆறு ஆண்டுகளில் 3,240 மணி. ஸ்பானிய மொழி பேசும் வீட்டுக் குழந்தை நாளுக்கு 12 மணி நேரம் விழித்திருந்தால், பள்ளியில் காலடி வைக்கும் ஐந்து வயதுக்குள்ளேயே 21,900 மணி நேரம் அம்மொழிக்குள் வாழ்ந்துவிடுகிறது! இரண்டையும் ஒன்றாக எதிர்பார்க்கலாமா?

பேசும் நேரம் இதைவிடக் குறைவு. நாளுக்கு 180 நிமிட ஸ்பானிய மொழியில் பாதியை ஆசிரியை பேசினால் மீதி 90 நிமிடம். வகுப்பில் 25 குழந்தைகள். ஆளுக்கு 3.6 நிமிடம். இருவர் இருவராகப் பேச விட்டால் இது கூடும். எழுதும் நேரத்தைக் கழித்தால் குறையும். 25 மாணவர்களுக்கு ஒரே கால்வனோமீட்டரைக் கொடுத்த ஆய்வுக்கூடம் எப்படியிருக்கும் என்பது நம் கல்லூரி மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் பார்த்திருப்பார்கள், தொட்டவர் சிலரே. கனடாவில் மெரில் ஸ்வெயின் 1985இல் சுட்டிக்காட்டியது ஏறக்குறைய இதுதான். ஆண்டுக்கணக்கில் மூழ்கு முறையில் படித்த பிள்ளைகள், கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளை நெருங்கினர். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறியது. கல்வர் சிட்டியிலும் அப்படியே. ஸ்பானிய மொழியில் மேசை பெண்பால், 'லா மேசா'. புத்தகம் ஆண்பால், 'எல் லீப்ரோ'. (மேசைக்குப் பால் எதற்கு என்று தமிழ் மாணவர் சிரிக்கலாம், இந்தி கற்றோருக்கு இது புதிதன்று.) இந்தப் பால் வேறுபாட்டில் அக்குழந்தைகள் பல ஆண்டுகள் கழித்தும் தவறினர். வகுப்பிலுள்ள எல்லோரும் ஒரே தவற்றைச் செய்யும்போது, அது அந்த வகுப்பின் வட்டார வழக்காகவே ஆகிவிடுகிறது. தெருவில் திருத்துவதற்கு ஸ்பானியத் தோழர்கள் இல்லையே.

'முன்னறிவு தேவையில்லை' என்னும் விடைக்கு ஒரு காலக்கெடுவும் உண்டு. மழலையர் வகுப்பில் பேச்சு கண்முன் உள்ள பொருள்களைப் பற்றியது; கை காட்டினால் புரியும். மூன்றாம் வகுப்பில் நீர் ஆவியாவதை விளக்கும்போது கை காட்டுவதற்கு என்ன இருக்கிறது? பல பள்ளிகள் முதல் வகுப்போடு புதியவர்களுக்குக் கதவை மூடி, அதன்பின் வருவோருக்கு மொழித் தேர்வு வைப்பது இதனால்தான். மூளை உறிஞ்சுவதே காரணமாயின் எட்டு வயதிலும் அது உறிஞ்சத்தானே வேண்டும்?

இனி, அடுத்த கணக்கு. கல்வர் சிட்டியில் ஆங்கிலக் குழந்தைகள் ஸ்பானிய மொழி பேசியதற்குப் பாராட்டப் பெற்ற அதே ஆண்டுகளில், தென்மேற்கு மாநிலங்களின் பள்ளிகளில் மெக்சிக்க வழிவந்த குழந்தைகள் ஸ்பானிய மொழி பேசியதற்குத் தண்டிக்கப்பட்டனர். அமெரிக்கக் குடியுரிமைகள் ஆணையம் 1972இல் வெளியிட்ட அறிக்கை இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அக்குழந்தைகளும் மூழ்கவைக்கப்பட்டவர்களே, ஆங்கிலத்தில். அவர்களுக்குச் சுரைக்குடுக்கை இல்லை. ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகளின் நடுவே உட்கார்ந்து, தன் மொழி அறியாத ஆசிரியரிடம், அவர்களுக்கென்று எழுதிய பாடநூலைப் படிக்க வேண்டும். குழந்தையின் மூளை கடற்பஞ்சானால் இவர்களும் உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் சீன வழிவந்த மாணவர்கள் ஏறக்குறைய 1,800 பேர் மொழி உதவி ஏதுமின்றி இப்படி விடப்பட்டிருந்தனர். அவர்கள் சார்பில் தொடுத்த லாவ் வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மொழி புரியாத மாணவர்களுக்கு மற்றவர்களுக்குள்ள அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாகாது என்பது அதன் சாரம். இவ்வேறுபாட்டுக்கு லாம்பர்ட்டே பெயர் சூட்டினார்: ஒரு மொழியோடு இன்னொன்று சேரும் கூட்டல் இருமொழி, ஒன்று வர மற்றொன்று போகும் கழித்தல் இருமொழி.

செயின்ட் லாம்பர்ட்டையும் கல்வர் சிட்டியையும் காட்டி, நம் பிள்ளைகளை மூன்றரை வயதில் ஆங்கில வழியில் சேர்ப்பதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது என்று யாரேனும் சொன்னால், நீங்கள் வழியைத் திருத்திப் பாருங்கள். ஆசிரியையின் ஆங்கிலம் எப்படி? தமிழில் கேட்ட தண்ணீருக்குத் தண்ணீர் கிடைக்கிறதா, அபராதம் கிடைக்கிறதா? இரண்டாம் வகுப்பிலாவது தமிழ் படிக்கவும் எழுதவும் ஒழுங்காகக் கற்பிக்கப்படுகிறதா? முன்னே சொன்ன 30 வாரத்தையும் 44 வாரத்தையும் நினைத்துப் பாருங்கள். நிலைமம் என்றால் என்ன என்று நன்றாக அறிந்தும் அதன் ஆங்கிலச் சொல் தெரியாமல் வாய் திறக்காத மாணவர்களும், நியூட்டனின் விதியை ஆங்கிலத்தில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்டு எந்த மொழியிலும் விளக்க முடியாமல் நிற்கும் மாணவர்களும் முதலாண்டு இளம் அறிவியல் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கனடா நாட்டு ஆய்வு இவ்விருவரில் யாரைப் பற்றியதும் அன்று.

அமெரிக்காவில் இப்போது ஸ்பானியப் பள்ளிகள் பல வேறொரு வடிவத்துக்கு மாறியிருக்கின்றன. வகுப்பில் பாதிப் பேர் ஆங்கிலக் குழந்தைகள், பாதிப் பேர் ஸ்பானியக் குழந்தைகள். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பர். மேசைக்குப் பெண்பால் சொல்லித் திருத்தத் தோழன் கிடைத்துவிட்டான். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குவாதலூப்பே வால்தேஸ் 1997இல் ஓர் எச்சரிக்கை எழுதினார். ஒன்றும் அறியாத ஆங்கிலக் குழந்தைகளுக்காக ஆசிரியை தம் ஸ்பானிய மொழியை எளிதாக்கி மெல்லப் பேசும்போது, அதைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை தன் மொழியில் மேலே ஏற வேண்டிய நேரத்தில் குடையையும் நாற்காலியையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே என்று அவர் கவலைப்பட்டார்.

கியூபாவிலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் மியாமி நகரில் நிறைந்த காலத்தில், அங்குள்ள கோரல் வே தொடக்கப் பள்ளி 1963இல் இரு மொழிப் பள்ளியாயிற்று. அங்கே காலையில் ஆங்கிலக் குழந்தைகளும் ஸ்பானியக் குழந்தைகளும் தனித்தனியே தம் தாய்மொழியில் பாடம் கேட்டனர். பிற்பகலில் மற்ற மொழியில் படித்தனர். உணவு வேளையிலும், இசை, ஓவியம், விளையாட்டு நேரங்களிலும் ஒன்றாகக் கலந்தனர்.